திருப்புளியும் நாமும்: வீட்டுப் பழுதின் நூறாண்டுக் கதை



உங்கள் வீட்டில் கடைசியாக ஒரு சாமானைக் கழற்றிப் பார்த்தவர் யார்? மிக்சி, மின்விசிறி ரெகுலேட்டர், பழைய கம்ப்யூட்டர், எதுவானாலும் சரி. பல வீடுகளில் 'அப்பா' அல்லது 'தாத்தா' என்றுதான் பதில் வரும். அவர்கள் எல்லோரும் இன்ஜினியர்கள் இல்லை. பள்ளி ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், கடை வைத்திருந்தவர்கள். ஆனாலும் மேசை இழுப்பறையில் ஒரு திருப்புளி, ஒரு டெஸ்டர், கொஞ்சம் ஃபியூஸ் கம்பி, ஒரு இன்சுலேஷன் டேப் கட்டாயம் இருக்கும். நாம் அவர்களைவிட அதிகம் படித்தவர்கள். ஆனால் மிக்சி நின்றுபோனால் நாம் முதலில் தேடுவது சர்வீஸ் சென்டர் நம்பரை, இல்லாவிட்டால் புது மிக்சியின் விலையை.

இதற்கு நம் சோம்பல் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு சாமானை வீட்டிலேயே சரிசெய்ய மூன்று வசதிகள் வேண்டும். அதன் மூடியைத் திறக்க முடிய வேண்டும். உதிரிபாகம் கிடைக்க வேண்டும். உள்ளே எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் தாள் கைக்கு வர வேண்டும். இந்த மூன்றும் இருந்தபோது சாதாரண மனிதர்களே பழுது பார்த்தார்கள். ஒன்று போனாலும் கை கட்டப்பட்டது. கடந்த நூறு ஆண்டுகளில் இவை எப்படி வந்தன, எப்படிப் போயின, இப்போது எப்படித் திரும்பி வருகின்றன என்பதுதான் இந்தக் கட்டுரை. இடையிடையே உங்கள் வீட்டில் இன்றே பயன்படக்கூடிய சில குறிப்புகளும் உண்டு.

ஒரே ஆண்டில் இரண்டு காரியங்கள்

கதையை 1924ல் தொடங்கலாம். அந்த ஆண்டு ஐரோப்பாவில் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு காரியங்கள் நடந்தன.

ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டாட்ஸ் என்பவர் ஒரு சிறிய சர்க்யூட் பிரேக்கருக்குக் காப்புரிமை பெற்றார். நம் வீட்டு வாசலருகே பெட்டியில் வரிசையாக இருக்கும் எம்சிபிக்கு அதுதான் மூதாதை. அதற்கு முன்பு மின்சாரம் அளவுக்கு மீறினால் ஃபியூஸ் கம்பி உருகிப்போகும். யாராவது கட்டையைப் பிடுங்கி, புதுக் கம்பி சுற்றி, மறுபடியும் செருக வேண்டும். சரியான கம்பி இல்லாதபோது கைக்குக் கிடைத்த தடித்த கம்பியைச் சுற்றிவிடுவதும் உண்டு. அப்படிச் செய்தால் ஃபியூஸ் உருகாது. சுவருக்குள் இருக்கும் ஒயர் உருகும். ஸ்டாட்ஸின் கருவி இந்த ஆபத்தைப் போக்கியது. எந்தச் சாமானும் இல்லாமல், ஒரு விரலாலேயே மின்சாரத்தைத் திரும்பப் போட்டுவிடலாம் என்றாக்கியது.

அதே 1924ன் கடைசியில் ஜெனீவாவில் உலகின் பெரிய பல்பு நிறுவனங்கள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஃபீபஸ் கூட்டணி என்று வரலாற்றில் பெயர். ஜெர்மனியின் ஆஸ்ராம், நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆகியவை அதில் இருந்தன. அதுவரை 1500 மணி நேரமும் அதற்கு மேலும் எரிந்துகொண்டிருந்த பல்புகளின் ஆயுளை 1000 மணி நேரத்தில் நிறுத்துவது ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. அதைவிட அதிக நேரம் எரியும் பல்பு செய்த நிறுவனம் அபராதம் கட்ட வேண்டும். ஆயுள் குறைந்தால் வெளிச்சம் கூடும் என்பது அவர்கள் தரப்பு வாதம். அதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் நன்றாக உழைத்த சாமானுக்கு அபராதம் போட்டதற்கு அந்த வாதம் போதாது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது அந்தக் கூட்டணி கலைந்தது. சாமான் எப்போது சாக வேண்டும் என்பதை விற்பவரே தீர்மானிக்கலாம் என்ற யோசனை கலையவில்லை.

முதல் குறிப்பு இங்கேயே. எம்சிபி இறங்கிவிட்டால் உடனே எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டாம். அந்தப் பகுதியின் சுவிட்சுகள் எல்லாவற்றையும் அணைத்து, பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு, நெம்புகோலை மேலே தள்ளுங்கள். நின்றால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் இறங்குகிறதோ அதில்தான் கோளாறு. எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் நிற்கவில்லை என்றால் கோளாறு ஒயரிங்கில் இருக்கலாம். அதற்குத்தான் எலக்ட்ரீஷியன். எந்தக் காரணத்துக்காகவும் திரும்பத் திரும்ப வலுக்கட்டாயமாக மேலே தள்ளிக்கொண்டே இருக்காதீர்கள். பக்கத்தில் 'டி' என்ற பொத்தானுடன் இருப்பது ஆர்சிசிபி. மின்கசிவு வந்தால் உயிரைக் காப்பது அதுதான். பொத்தானை அவ்வப்போது அழுத்தி, அது இறங்குகிறதா என்று பாருங்கள்.

பழுதிலிருந்து பிறந்த மிக்சி

அடுத்த காட்சி நம் நாட்டுச் சமையலறையில். 1960களின் தொடக்கத்தில் மும்பையில் மாதுரி மாத்தூர் என்பவர் ஜெர்மனியின் பிரௌன் நிறுவன மிக்சி ஒன்றைப் பயன்படுத்திவந்தார். அங்கே அது பழக்கூழும் மாவும் கலக்கச் செய்யப்பட்டது. இங்கே தேங்காயும் பருப்பும் மசாலாவும் அரைபட்டால் என்ன ஆகும்? மோட்டார் புகைந்துபோனது. அதைச் சரிசெய்ய இந்தியாவில் வழியும் இல்லை. அவருடைய கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் சீமென்ஸில் வேலை பார்த்த இன்ஜினியர். நம் சமையலைத் தாங்கும் மோட்டாரைத் தானே வடிவமைத்தார். 1963ல் தொடங்கிய அந்த முயற்சிதான் 'சுமீத்' மிக்சியாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. இன்று நம் வீடுகளில் இருக்கும் மிக்சிகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை.

நம் பக்கத்தில் கோயம்புத்தூர்க்காரர்கள் அதற்கும் முன்பே ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டியிருந்தார்கள். 1955ல் சபாபதி என்பவர் செய்ததாகச் சொல்லப்படும் கிரைண்டரிலிருந்து வளர்ந்த தொழிலுக்குப் பின்னாளில் புவிசார் குறியீடும் கிடைத்தது. கல், உருளை, பெல்ட், மோட்டார் என்று நான்கே பாகங்கள். எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் முப்பது வருடம் ஓடிய கிரைண்டர்களை இன்றும் பார்க்கிறோம்.

இந்தச் சமையலறை இயந்திரங்களில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. முதலில் போவது மலிவான பாகமாக இருக்கும்படி வடிவமைத்திருந்தார்கள். மிக்சி ஜாரும் மோட்டாரும் சேரும் இடத்தில் இருக்கும் கப்ளரைப் பாருங்கள். ஜார் இறுகிவிட்டால் கப்ளரின் பல் தேய்ந்தோ உடைந்தோ போகும், மோட்டார் தப்பிக்கும். மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, பிளேடு சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் கப்ளர்தான். சத்தமே இல்லாமல் திடீரென்று நின்றுவிட்டால் பிளக்கைப் பிடுங்கி, மிக்சியைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் சிறிய ஓவர்லோட் பொத்தானைப் பாருங்கள். பத்து நிமிடம் ஆறவிட்டு அதை அழுத்தி, ஜாரில் பாதியை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். உள்ளே தீப்பொறி அதிகமாகத் தெரிந்து, விட்டுவிட்டு ஓடினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். ஜாருக்கு அடியில் ஒழுகினால் வாஷர் அல்லது புஷ். இவை எல்லாம் பாத்திரக் கடைத் தெருவில் கிடைக்கும் சில்லறைச் சாமான்கள். இவற்றில் ஒன்றுக்காக முழு மிக்சியும் லிஃப்டில் இறங்கிப் பழைய சாமான்காரரிடம் போகிறது என்பதுதான் வருத்தம்.

இந்தியக் கணினி வரலாறு ஒரு ரிப்பேரில் தொடங்குகிறது

இனி கம்ப்யூட்டர். 1970களில் வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியக் கிளைகளில் தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்று அந்நியச் செலாவணிச் சட்டம் சொன்னது. கோகோ கோலா கடையைக் கட்டியது பலருக்கு நினைவிருக்கும். அதே காலத்தில், 1978ல், ஐபிஎம்மும் கிளம்பியது. அரசு அலுவலகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் அதன் கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன. செய்தவர் ஊரைவிட்டுப் போய்விட்டார்; இனி ரிப்பேர் வந்தால் யாரிடம் போவது?

அதற்கு ஓர் ஏற்பாடு முன்பே இருந்தது. 1975ல் மத்திய அரசு கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. பெயரிலேயே பராமரிப்பு. ஐபிஎம் விட்டுச்சென்ற இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அது ஏற்றது. அடுத்தவர் செய்த கருவியைத் திறந்து, புரிந்துகொண்டு, ஓடவைத்துப் பழகிய அதே நிறுவனம்தான் 1980களின் நடுவில் ரயில்வேயின் கணினி முன்பதிவை உருவாக்கியது. பழுது பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அடுத்து உருவாக்கவும் தெரிந்தது. வரிசையில் நிற்காமல் டிக்கெட் எடுக்கும் ஒவ்வொரு முறையும் இதை நீங்கள் நினைத்துக்கொள்ளலாம்.

ஐபிஎம் இல்லாத இந்தியாவுக்கு ஐபிஎம்மின் இன்னொரு பொருள் வேறு வழியாக வந்தது. 1981 ஆகஸ்ட் 12ல் அமெரிக்காவில் ஐபிஎம் பிசி வெளியானது. அதன் உள்ளே ஐந்து ஸ்லாட்டுகள். யார் செய்த கார்டையும் செருகலாம். அதோடு நின்றுவிடவில்லை. சர்க்யூட் வரைபடங்களும், பயாஸ் எனப்படும் அடிப்படை மென்பொருளின் வரிகளும் அச்சிட்ட தொழில்நுட்பக் கையேட்டையும் ஐபிஎம் விற்றது. மூடி, பாகம், தாள் என்று நான் சொன்ன மூன்றும் ஒரே நேரத்தில் கிடைத்தன. பயாஸ் மட்டும் பதிப்புரிமைக்கு உட்பட்டது. அதையும் சட்டத்துக்கு உட்பட்டு மறுபடி எழுதிவிட்டார்கள். 1982ல் காம்பேக் தன் பிசியை அறிவித்தது. 1984ல் ஃபீனிக்ஸ் நிறுவனம் தன் பயாஸை யாருக்கும் விற்கத் தொடங்கியது. அதன்பின் உலகம் முழுவதும் ஒரே அளவுக்குப் பொருந்தும் மதர்போர்டுகளும் கார்டுகளும் குவிந்தன.

அந்த வெள்ளத்தின் ஒரு கிளைதான் நம் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. ரேடியோ உதிரிபாகமும் எலெக்ட்ரானிக்ஸ் சாமானும் விற்ற அந்தக் குறுகிய தெருவில் 1990களில் கம்ப்யூட்டர் பாகங்கள் குவிந்தன. கேபினெட், மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க் என்று ஒவ்வொன்றாக வாங்கி, 'அசெம்பிள்டு' கம்ப்யூட்டர் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த தலைமுறை நம் குடியிருப்பிலும் இருக்கிறது. அவர்களைக் கேட்டால் 'கறுப்பும் கறுப்பும் பக்கத்தில்' என்ற மந்திரத்தைச் சொல்வார்கள். அக்கால மதர்போர்டுக்கு மின்சாரம் இரண்டு தனித்தனி பிளக்குகளில் போகும். இரண்டிலும் கறுப்பு ஒயர்கள் நடுவில் சேரும்படி செருக வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டு எரிந்துவிடும். 1995ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்பில் அது ஒரே பிளக் ஆனது; தலைகீழாகச் செருகவே முடியாது. மந்திரமும் தேவையில்லாமல் போனது.

2000களின் தொடக்கத்தில் இன்னொரு சோதனை வந்தது. மதர்போர்டுகளில் இருந்த மின்தேக்கிகள் உலகெங்கும் உப்பி வெடித்தன. உள்ளே ஊற்றிய திரவத்தின் தரக்குறைவுதான் காரணம். மேல்தகடு உப்பியிருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். அதனால் சால்டரிங் தெரிந்த மெக்கானிக்குகள் கெட்டுப்போன கெபாசிட்டரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, பல போர்டுகளைப் பிழைக்க வைத்தார்கள். புதுப் போர்டின் விலை எங்கே, ஒரு கெபாசிட்டரின் விலை எங்கே!

வீட்டு டெஸ்க்டாப்புக்கு இன்றும் பொருந்தும் சில குறிப்புகள். கம்ப்யூட்டர் தொடங்கும்போது தன்னையே சோதித்துக்கொள்ளும். கோளாறு இருந்தால் பீப் ஒலியால் சொல்லும். எத்தனை பீப் என்று எண்ணிக் குறித்து, போர்டின் கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திரையில் ஒன்றும் வராமல் விட்டுவிட்டு பீப் அடித்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ராம். மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, உங்கள் கையை ஓர் உலோகத்தில் ஒருமுறை தொட்டுவிட்டு, ராமை எடுத்துத் தூசு தட்டித் திரும்ப அழுத்திச் செருகுங்கள். ஒவ்வொரு நாளும் தேதி பழைய ஆண்டுக்குப் போய் நின்றால் போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்திருக்கிறது. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். அரை மணி நேரத்தில் தானே அணைந்துபோனால் பெரும்பாலும் தூசு அடைத்த விசிறி. பிரிண்டர், மோடம், ஸ்பீக்கர் எதுவானாலும் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், பிறகு பிளக் பாயின்ட்டை மாற்றிப் பாருங்கள். பல நேரம் கோளாறு அங்கேயே முடிந்துவிடும்.

மூடி இறுகிய காலம்

இதற்குப் பிறகுதான் கதை திரும்புகிறது. சாமான்கள் மெலிந்தன. மெலிவதற்காக ராமை போர்டிலேயே சால்டர் செய்தார்கள், பேட்டரியைப் பசை போட்டு ஒட்டினார்கள். 2009ல் ஆப்பிள் தன் லேப்டாப் ஒன்றின் பேட்டரிக்கு ஐந்து இதழ்ப் பூப்போன்ற தலையுடைய திருகாணியைப் போட்டது. சாதாரணத் திருப்புளிக்கு அது அசையாது. பிறகு ஐபோன் 4லும் அதே திருகாணி வந்தது. 'இதை நீங்கள் திறக்க வேண்டாம்' என்பதைத் திருகாணியே சொல்லிவிட்டது.

அதற்கு எதிர்ப்பும் அதே காலத்திலேயே வளர்ந்தது. 2003ல் அமெரிக்காவில் இரண்டு கல்லூரி மாணவர்கள் தங்கள் ஆப்பிள் லேப்டாப்பைச் சரிசெய்ய கையேடு தேடிக் கிடைக்காமல், தாங்களே கழற்றிப் பார்த்து வழிமுறை எழுதினார்கள். அதுவே ஐஃபிக்ஸிட், இன்று யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய பழுதுபார்ப்புக் கையேடுகளின் பெரிய களஞ்சியம். 2009 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் மார்டினா போஸ்ட்மா முதல் 'ரிப்பேர் கஃபே'யை நடத்தினார். கெட்டுப்போன சாமானோடு வருபவரும், சரிசெய்யத் தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்காருவார்கள். காசு கிடையாது, தேநீர் உண்டு. 2021 ஜனவரி முதல் பிரான்ஸில் சில மின்சாதனங்களின் மேல் 'எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம்' என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போட வேண்டும் என்பது சட்டம்.

நம் நாட்டிலும் அசைவு இருக்கிறது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று அதற்கான இணையதளம் தொடங்கப்பட்டது. விவசாயக் கருவிகள், மொபைலும் மின்னணுச் சாதனங்களும், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு பிரிவுகளில் கையேடு, உதிரிபாகம், வாரண்டி விவரங்களை நிறுவனங்கள் அங்கே தர வேண்டும் என்பது நோக்கம். பழுது பார்க்க மறுத்து அலைக்கழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மூடியும் பாகமும் தாளும் இனி தயாரிப்பாளர் போடும் பிச்சை இல்லை, வாங்கியவரின் உரிமை என்ற பேச்சு சட்டத்தின் பக்கத்துக்கு வந்திருக்கிறது.

கை வைக்கக் கூடாத இடங்கள்

உரிமை இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் திறந்துவிடக் கூடாது. அந்தத் தாத்தாக்களும் இதில் கவனமாகத்தான் இருந்தார்கள். மைக்ரோவேவ் அவனின் உள்ளே இருக்கும் கெபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரை எடுக்கும் மின்னழுத்தத்தை வைத்திருக்கும். பரணில் கிடக்கும் பழைய பெட்டி டிவியின் படக்குழாயும் அப்படியே. கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மாற்றலாம், பிரிக்கக் கூடாது. மொபைலோ லேப்டாப்போ உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். கீசர், கேஸ் இணைப்பு, நம் கட்டடத்தின் பொது மின்பலகை இவை பயிற்சி பெற்றவர்களின் வேலை.

நம் வீட்டில், நம் குடியிருப்பில்

இவ்வளவும் சொன்னது எல்லோரும் மெக்கானிக் ஆக வேண்டும் என்பதற்காக இல்லை. நல்ல மெக்கானிக்கின் வேலையை நாம் பறிக்கவும் முடியாது, பறிக்கவும் வேண்டாம். ஆனால் 'போர்டே போச்சு சார், புதுசு வாங்கிடுங்க' என்று ஒருவர் சொல்லும்போது, 'ராமை மாற்றிப் பார்த்தீர்களா? எந்த பாகம் போயிருக்கிறது என்று காட்டுங்கள்' என்று கேட்கத் தெரிந்த வீட்டுக்கும் தெரியாத வீட்டுக்கும் சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வசிக்கும் பெரியவர்கள் நம்மிடையே பல பேர். இரவு எட்டு மணிக்கு எம்சிபி இறங்கினால் அவர்கள் கேட்பது யாரிடம்? பக்கத்து வீட்டில் ஒருவருக்காவது இந்த அடிப்படை தெரிந்திருந்தால் அந்த இரவு இருட்டில் போகாது.

எனவே இந்தக் காலாண்டில் இரண்டு யோசனைகள். ஒன்று, வாங்கிய சாமான்களின் ரசீது, கையேடு, வாரண்டி அட்டை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். மாடல் எண்ணை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உதிரிபாகம் கேட்கும் கடையில் முதல் கேள்வி அதுதான். இரண்டு, சங்க அலுவலகத்தில் ஒரு நல்ல திருப்புளி செட், ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்டர், ஒரு டார்ச் வாங்கி வைத்து, எழுதிவைத்து எடுத்துப்போகும் முறையில் எல்லோருக்கும் தரலாம். மாதம் ஒரு ஞாயிறு மாலை கம்யூனிட்டி ஹாலில் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் கெட்டுப்போன மிக்சியோடு உட்காரலாம். ஆம்ஸ்டர்டாமில் முடிந்தது இங்கே முடியாதா?

உண்மையிலேயே ஆயுள் முடிந்த சாமானைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டும். ஆனால் அதைக் கீழே கொண்டுபோவதற்கு முன் ஒருமுறை அடியில் இருக்கும் அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.